வாசிப்பறைக்கு இரண்டு கொலோன்கா

கிர்கிஸ் நாட்டில் இருக்கும் எங்கள் சாரி-தெரெக் ஊரில், தெருமுனையில் கைப்பிடியை அமுக்கித் தண்ணீர் பிடிக்கிற இரும்புக் குழாய்க்குக் கொலோன்கா என்று பெயர். குளியலறைச் சுவரில் தொங்கிக்கொண்டு வெந்நீர் தரும் பெட்டிக்கும் அதே பெயர்தான். பெட்ரோல் பங்கில் நிற்பதும் கொலோன்கா, கம்ப்யூட்டருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பாடுவதும் கொலோன்கா. ரஷ்யர்கள் விட்டுப்போன சொற்களில் இது கொஞ்சம் உழைப்பாளி. ஒரே சம்பளத்துக்கு நாலு வேலை பார்க்கிறது. இதனால் ஊரில் யாரும் குழம்பியதில்லை. "கொலோன்காவுக்குப் போயி ரெண்டு வாளி பிடிச்சிட்டு வா" என்றால் யாரும் கம்ப்யூட்டரிடம் வாளியை நீட்டியதில்லை. குழம்புவதற்கென்றே ஓர் அலுவலகம் பின்னால் வந்து சேர்ந்தது. அதன் பெயர் மாவட்ட நியாயக் கொள்முதல் மையம்.

மையம் வருவதற்கு முன், நூலகத்தில் பல்பு போனால் யாராவது சந்தைக்குப் போய் ஒரு பல்பு வாங்கி வருவார்கள். இதில் ஊழல் நடக்க வாய்ப்பிருப்பதை மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு பல்பையும் மையம்தான் வாங்க வேண்டும் என்றானது. மையம் மூன்று கடைகளின் விலையைக் கேட்கும். பழைய பல்பு இயற்கையாகத்தான் இறந்தது என்று சான்று கேட்கும். அறைக்கு வெளிச்சம் எதற்கு என்று விளக்கம் கேட்கும். அதற்குள் கோடை வந்து பொழுது நீண்டு, பல்பின் தேவை தானாகவே தீர்ந்துவிடும். மையம் வந்தபின் திருட்டு அடியோடு நின்றது என்பதை அதன் எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். வாங்குவதே நின்றுபோன இடத்தில் திருட என்ன இருக்கிறது? இந்தச் சாதனைக்காக மையத் தலைவர் குபாத் ஜுமஷெவிச்சுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அந்தக் கேடயத்தை மட்டும் எப்படி வாங்கினார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

மாவட்ட நூலகத்தின் பின்பக்கம், தரைத்தளத்தில், பார்வையற்றோர் வாசிப்பறை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவள் மேரிம். நாற்பதைத் தொட்டவள்; அதிர்ந்து பேசத் தெரியாது. எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் தப்பு தன்மேல்தான் இருக்கும் என்று முதலிலேயே நம்பிவிடுகிற சுபாவம். செவ்வாயும் வெள்ளியும் ஏழெட்டுப் பேர் கைத்தடியைத் தட்டிக்கொண்டு வருவார்கள். அவள் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் கதையை ஓடவிடுவாள். தலைநகர் பிஷ்கெக்கில் யாரோ வாசித்துப் பதிவு செய்து அனுப்பிய கதைகள் அவை. பல கதைகள் அச்சில் கிடைக்காது.

அந்தக் குளிர்காலத்தில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு கொலைக்கதை. கணவாயில் ஒரு பேருந்து ஓட்டுநரை யாரோ கொன்றுவிடுகிறார்கள். கொன்றது யார் என்று கண்டுபிடிக்க நாற்பது மணி நேரம் ஆகும். வாசித்தவர் யாரென்று பதிவில் இல்லை. கொஞ்சம் கரகரப்பான, அவசரமே இல்லாத ஓர் ஆண்குரல். ஷார்ஷென் அந்தக் குரலுக்காகவே வந்தார். முப்பது வருஷம் அதே மாதிரிக் கணவாய்களில் லாரி ஓட்டியவர். சர்க்கரை நோய் இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டுவிட்டது.

"வீட்டுல எல்லாரும் எங்கிட்டக் கத்திக் கத்திப் பேசறாங்க. கண்ணு போனவனுக்குக் காதும் போச்சுன்னு நெனப்பு" என்பார். "இல்லேன்னா கைக்கொழந்தைகிட்டக் கொஞ்சற மாதிரி. இந்த ஆளு ஒருத்தன்தான் மனுஷங்கிட்ட மனுஷன் பேசற மாதிரிப் பேசறான்."

அப்போதெல்லாம் மேரிம் அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றுவாள். அந்த அறை இல்லையென்றால் அவருக்குச் செவ்வாயும் கிடையாது வெள்ளியும் கிடையாது, எல்லாம் ஒரே நீளமான நாள்தான் என்று அவளுக்குத் தெரியும்.

கதையில், செத்துப்போன ஓட்டுநரின் மனைவி கதவைத் திறந்து "நீயா?" என்று கேட்டாள். அந்த இடத்தில் இடதுபக்கக் கொலோன்கா கரகரவென்று இருமியது. வலதுபக்கத்தில் கருகின வாசனை வந்தது. பிறகு இரண்டும் பேசவில்லை.

"நீயான்னா, யாரு?" என்றார் ஷார்ஷென்.

"கொலோன்கா போயிடுச்சு அண்ணே."

"கதவுல யாரு நிக்கறான்னு கேட்டா கொலோன்கா போயிடுச்சுங்கறே."

"கொலோன்காக்காரன் கொன்னிருப்பான்" என்றாள் சூராகான். பால் பண்ணையில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். எந்தக் கதையிலும் முதல் அத்தியாயத்திலேயே ஒருவன்மேல் பழியைப் போட்டுவிடுவாள். எல்லாரும் சிரித்தார்கள். மேரிமும் சிரித்தாள். "சின்ன சாமான்தானே, ஒரு வாரத்துல வாங்கிடலாம்" என்று அவள் சொன்னதை இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வாசிப்பறைக்கு அந்த வருஷம் ஒதுக்கப்பட்டிருந்தது இரண்டாயிரம் சோம். ஆட்டம் பாட்டத்துக்கான கொலோன்கா வாங்க அது போதாது. மனிதக் குரலைத் தெளிவாகக் கேட்க, தேடிப் பார்த்து வாங்கினால் போதும். மேரிம் மையத்துக்கு எழுதினாள்: "கம்ப்யூட்டரின் இடப்புறமும் வலப்புறமும் வைக்கக் கொலோன்கா, இரண்டு." அவளை நேரில் வரச் சொன்னார்கள்.

மையத்தில் பொருள் பெயர் நிபுணர் என்று ஒரு பதவி உண்டு. அதில் இருந்தவள் நசிபா. நல்ல பெண்மணிதான், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"எவ்வளவு ஆழத்துல பதிக்கணும்?"

"மேசை மேல வச்சாப் போதும் அக்கா."

"மேசை மேல வச்சா உறைஞ்சு வெடிச்சிடும்மா. நம்ம ஊர்க் குளிருக்கு ஒன்றரை மீட்டர் கீழ போகணும். விதி அது."

மேரிமுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. "ஐயோ, நான் கேட்டது தண்ணிக் கொலோன்கா இல்லக்கா. எனக்குத் தண்ணியே வேண்டாம். சத்தம் வர்ற கொலோன்கா."

நசிபா யோசித்தாள். "திறந்தா எல்லாத்துலயும்தான் சத்தம் வரும்" என்றவள், 'விண்ணப்பதாரர் தண்ணீர் வேண்டாம் என்கிறார்' என்று கவனமாகத் தட்டச்சு செய்துகொண்டாள். மேரிம் அவளிடம் கைபேசியில் படம் காட்டினாள். நசிபா அதை ஆர்வமாகப் பார்த்தாள். தன் வீட்டிலும் அதே மாதிரி ஒரு ஜோடி இருப்பதாகவும் மகன் தொல்லை தாங்கவில்லை என்றும் சொன்னாள். பிறகு, பட்டியலில் கொலோன்கா என்று இருப்பது வார்ப்பிரும்புத் தெருக்குழாய் ஒன்றுதான், வேறு கிடையாது என்றாள்.

"ஒங்க வீட்டுலயே இருக்கே அக்கா."

"வீட்டுல இருக்கு. பட்டியல்ல இல்லையே."

விஷயம் தலைவரின் அறைக்குப் போனது. குபாத் ஜுமஷெவிச் வெள்ளைக் கல்பாக் தொப்பியை மேசைமேல் கழற்றி வைத்திருந்தார். குரலெடுத்துப் பேசுவதில் அவருக்கு நிஜமாகவே இன்பம் உண்டு.

"இங்க பாரும்மா. ஒரு மனுஷன் கேக்கறதை வாங்கிக் கொடுத்தா அதுக்குப் பேரு சந்தை. பட்டியல் சொல்றதை வாங்கிக் கொடுத்தா அதுக்குப் பேருதான் அரசாங்கம். ஒன் தேவையை நான் மதிக்கறேன். தேவை இல்லாத மனுஷன் உண்டா? எனக்கே எத்தனை தேவை! ஆனா தேவைக்கு ஏத்த மாதிரி வாங்க ஆரம்பிச்சா, ஒவ்வொருத்தரும் தனக்கு வேணுங்கறதைக் கேக்க ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் இந்த மையம் எதுக்கு?"

பட்டியலில் இருக்கிற வேறு சொல்லாகப் பார்த்து எழுதும்படி நசிபா மேரிமை அன்போடு அனுப்பிவைத்தாள்.

மேரிம் "டைனமிக்" என்று எழுதினாள். கொலோன்காவுக்குள் இருந்து ஒலிக்கிற உறுப்புக்கு எங்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள். பட்டியலில் அதற்கு மிக நெருக்கமாக இருந்த சொல் டைனமைட். கணினி தானாகவே திருத்திக்கொண்டது. மறுவாரம் சீருடையில் இரண்டு பேர் வாசிப்பறைக்கு வந்து, பார்வையற்றோர் எதைத் தகர்க்கத் திட்டமிட்டிருக்கிறார்கள் என்று மரியாதையாக விசாரித்தார்கள். "எடம் இன்னும் முடிவு பண்ணலே. உங்க ஆபீஸ் எங்க இருக்கு?" என்றார் ஷார்ஷென். அந்த ஒரு பதிலுக்காக மேரிம் மூன்று முறை காவல் நிலையத்துக்கு நடக்க வேண்டியிருந்தது.

பிறகு அவள் சுத்தமான கிர்கிஸ் மொழியில் "ஒலிபெருக்கி" என்று எழுதினாள். ஒலிபெருக்கி என்றால் ஊர்வலத்துக்கு, இல்லையென்றால் பள்ளிவாசலுக்கு. எனவே எந்தக் கட்சி, எந்தத் தொழுகை என்று கேட்டு இரண்டு அலுவலகங்களிலிருந்து கடிதம் வந்தது. வாசிப்பறைக்கு எந்தக் கட்சியும் இல்லை, தேநீர் மட்டும்தான் என்று அவள் பதில் எழுதினாள். தேநீருக்கு அனுமதி இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார்கள்.

இதற்கிடையில் ஏழெட்டுப் பேரும் செவ்வாயும் வெள்ளியும் வராமல் இல்லை. கைபேசியின் சத்தம் அத்தனை பேருக்கு எட்டாது என்பதால் மேரிம் வேறொரு வழி கண்டுபிடித்தாள். தன் கைபேசியின் காதுப்பொறியைக் கம்ப்யூட்டரில் செருகி, கேட்கிற ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னாள். கதவில் நின்றது ஓட்டுநரின் தம்பி என்று தெரிந்ததும் அறையில் ஆரவாரம். சூராகான் உடனே தம்பியைத் தூக்கில் போட்டுவிட்டாள்.

மேரிமிடம் ஒரு குறை இருந்தது. அவள் மனசு இளகினவள். கெட்ட வார்த்தை வந்தால் விழுங்கிவிடுவாள், ரத்தம் வந்தால் துடைத்துவிடுவாள்.

"மேரிம், அந்தப் போலீஸ்காரன் தம்பியை அடிச்சானா இல்லையா?"

"லேசாத் தள்ளினான் அண்ணே."

"லேசாத் தள்ளினா பல்லு ரெண்டு எப்படிக் கீழ விழும்? பல்லு விழுந்துதுன்னு நீதானே சொன்னே?"

"அது ஏற்கெனவே ஆடிட்டிருந்த பல்லா இருக்கும்."

"கதையை நீ எழுதாதே தாயி. அந்த ஆளு வாசிக்கட்டும்" என்பார் ஷார்ஷென். ஆனாலும் வந்தார். பேசிப் பேசி மேரிமுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீரில் தேனைக் கரைத்துக் குடித்துக்கொண்டு சொன்னாள். கதை முடிய நாலு மணி நேரம் பாக்கி இருந்தபோது மையத்திலிருந்து நசிபா சோதனைக்கு வந்தாள். கதவருகே நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். அவளுக்கும் கதை பிடித்துப்போனது தெரிந்தது. நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எழுந்து போகும்போது அறிக்கை எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

அறிக்கையின் சாரம் இதுதான். வாசிப்பறையில் கம்ப்யூட்டரின் ஒலியை வெளியே கொண்டுவரும் சாதனம் ஒன்று ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கிறது. சாதனத்தின் பெயர் மேரிம். ஒரே வேலைக்கு இரண்டு முறை அரசுப் பணத்தைச் செலவிட முடியாது. மேலும் சாதனம் இருப்புக் கணக்கில் ஏற்றப்படவில்லை. அதன்மேல் எண் ஒட்டப்படவில்லை.

மேரிம் ஓடினாள். குபாத் ஜுமஷெவிச் அவளை உட்காரவைத்து விளக்கினார்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லு. நீ சாதனமா, ஊழியரா? சாதனம்னா ஒனக்குச் சம்பளம் கிடையாது, பராமரிப்புச் செலவு உண்டு. எண்ணெய், துடைக்கிற துணி, அந்த மாதிரி. ஊழியர்னா, சாதனத்தோட வேலையைச் சாதனந்தான் செய்யணும். நீ செய்யக் கூடாது."

"அவங்க கதை கேக்கணும், அவ்வளவுதாங்க."

"கேக்கட்டும்! கேக்கறதுக்குத் தடையே கிடையாது. நீ சொல்லாதே, அவ்வளவுதான் நான் சொல்றது."

அவள் ஊழியர் என்று கையெழுத்துப் போட்டாள். சம்பளத்தில் அவளுடைய அம்மாவின் மருந்தும் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னபோது யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அன்று அவர்கள் போனபிறகு காதுப்பொறியை மாட்டிக்கொண்டு மீதி மூன்று மணி நேரத்தையும் அவள் தனியாகக் கேட்டு முடித்தாள். ஊரில் கொலைகாரன் யாரென்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"ஒன் பேச்சுலயே தெரியுது, முடிவைக் கேட்டுட்டே" என்றார் ஷார்ஷென், அடுத்த முறை. "சொல்லிடாதே. சொன்னியோ, இந்தப் பக்கம் வரமாட்டேன். அந்த ஆளு வாயால கேக்கணும் நான், காதுப்பொறியில தனியா இல்லே, எல்லாரோடயும் ஒக்காந்து. எத்தனை மாசமானாலும் சரி."

"நான் வேணா ஜாடையா..."

"ஜாடையெல்லாம் கண்ணிருக்கறவனுக்குக் காட்டு."

கடைசியில் மேரிம், தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். சம்பளத்தில் ஆயிரத்தைந்நூறு சோம் எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள். அங்கே இல்யாஸ் என்கிற துங்கான் இனத்து இளைஞன் கம்ப்யூட்டர் சாமான்கள் விற்றான். கடை முழுக்க நீலமும் சிவப்புமாக மின்னுகிற கொலோன்காக்கள்.

"இது எப்படி? மூவாயிரம் வாட்டுன்னு போட்டிருக்கே."

"அது ஒட்டின ஸ்டிக்கருக்கா. மூவாயிரம் வாட்டு வந்தா நம்ம தெருவுல கரண்டு போயிடும். பாத்ரூமுக்குள்ள பாடற மாதிரி இருக்கும், எடுக்காதீங்க."

"பின்ன ஏன் விக்கறே?"

"வெளக்கு எரியுதே, கேக்கறாங்க. உங்களுக்கு என்னத்துக்கு? பாட்டா, சினிமாவா?"

"ஒரு ஆளு பேசறதைக் கேக்கணும். அவ்வளவுதான். எட்டுப் பேருக்குக் கேக்கணும்."

இல்யாஸ் அதற்குப் பிறகு விளக்கெரிகிற எதையும் காட்டவில்லை. கீழிருந்து ஒரு ஜோடி எடுத்துத் தூசி தட்டினான். கறுப்பு மரப்பெட்டி, ஒரே ஒரு திருகு, அலங்காரம் ஒன்றுமில்லை. தரையைத் தனியாக அதிரவைக்கிற மூன்றாவது பெட்டி பேச்சுக்குத் தண்டச் செலவு என்றான். சின்னப் பிளாஸ்டிக் ஜோடி மலிவுதான், ஆனால் சத்தம் கூட்டினால் பெட்டியே நடுங்கும் என்றான். மேரிம் கதையை ஒரு பென்டிரைவில் கொண்டுவந்திருந்தாள். போட்டான். கடைக்குள் அந்தக் கரகரப்பான குரல், இரண்டடி தூரத்தில் ஆள் நின்று பேசுவதுபோல் வந்தது. வாசிப்பவர் பக்கம் புரட்டுவதும், நடுவில் ஒரு தடவை எச்சில் விழுங்குவதும் கேட்டது. பழைய கொலோன்காவில் அதெல்லாம் கேட்டதே இல்லை. மேரிமுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆயிரத்தெட்டுநூறுக்கா. அழுதா ஆயிரத்தைந்நூறு" என்றான் இல்யாஸ்.

வாசிப்பறையில் அதைப் பொருத்தியது ஒரு திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில், கேட்பவர்கள் வருவதற்கு முன்னாலேயே, குபாத் ஜுமஷெவிச்சும் நசிபாவும் வந்துவிட்டார்கள். சந்தையில் யாரோ மேரிமைப் பார்த்திருக்கிறார்கள்.

"இது எங்கேர்ந்து வந்துது?"

"நான் வாங்கினேங்க. சொந்தக் காசுல. நூலகத்துக்கே கொடுத்துடறேன்."

தலைவர் நிஜமாகவே அதிர்ந்துபோனார். "சொந்தக் காசா? நாளைக்கு ஒரு டாக்டர் சொந்தக் காசுல மருந்து வாங்குவான். வாத்தியாரு சுண்ணக்கட்டி வாங்குவான். எல்லாம் ஒழுங்கா நடக்க ஆரம்பிச்சிடும். அப்ப மையம் தேவையில்லேன்னு ஒருத்தன் கெளம்புவான். ஒன் நல்ல மனசு எத்தனை பேரைத் தெருவுல நிறுத்தும்னு யோசிச்சியா?"

நன்கொடையை ஏற்பதற்கு ஒரு குழு வேண்டும்; அந்தக் குழுவை அமைப்பதற்கு ஒரு குழு இருந்தது, அதன் தலைவர் ஓய்வுபெற்றுவிட்டார். ஆகவே இரண்டு பெட்டிகளையும் "மாதிரிப் பொருள்" என்று பெயர் சூட்டி ஆய்வுக்காக எடுத்துக்கொண்டு போனார்கள். நசிபா ஒயர்களை அழகாகச் சுற்றி ரப்பர் போட்டுக் கொடுத்தாள்.

மாதிரிப் பொருளை ஆராய்ந்ததில் மையத்துக்கு ஒரு தெளிவு பிறந்தது. வாசிப்பறைக்குக் கொலோன்கா தேவை என்பது உண்மைதான். டெண்டர் விட்டார்கள். விதி என்னவென்றால், யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவரிடம்தான் வாங்க வேண்டும். பக்கத்து ஊரில் வீட்டுக்கு வீடு குழாய் போட்டுவிட்டதால், தெருவில் நின்ற பழைய கொலோன்காக்களைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். இரும்புக் கடைக்காரன் அதில் இரண்டை, நீல பெயிண்ட் அடித்து, அறுநூறு சோமுக்குத் தருவதாக எழுதினான். இவ்வளவு மலிவாக உலகத்தில் யாரும் கொலோன்கா வாங்கியதில்லை என்று மையத்தில் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

வாசிப்பறையை மூடிவைத்துவிட்டு, ஆட்கள் வந்து தரையை உடைத்தார்கள். கம்ப்யூட்டர் மேசைக்கு இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று. விண்ணப்பத்தில் அப்படித்தானே இருந்தது. ஒன்றரை மீட்டர் ஆழம் தோண்டிச் சிமெண்டு போட்டு நிறுத்தினார்கள். தண்ணீர் இணைப்பு கொடுக்கவில்லை. விண்ணப்பதாரரே தண்ணீர் வேண்டாம் என்று சொன்னது பதிவாகியிருந்தது. மேரிம் வாசலில் நின்று பார்த்தாள். "இது அது இல்லைங்க" என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். துளையிடும் இயந்திரத்தின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

திறப்பு விழாவுக்கு மேசை நிறைய போர்சோக் என்கிற பொரித்த மாவுத் துண்டுகள், ஜாம், வெண்ணெய் எல்லாம் வைத்திருந்தார்கள். பார்வையற்றோர் எல்லாரும் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லி வண்டி அனுப்பினார்கள். மேரிம் அவர்களிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? விழாவுக்குக் கொஞ்சம் முன்பாவது தலைவரிடம் மன்றாடி நிறுத்திவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தாள் அவள். அப்படி நம்புகிற ஆட்கள் இருப்பதால்தான் இந்த அலுவலகங்கள் எல்லாம் ஓடுகின்றன.

பேசுவதற்குத் தலைவருக்கு மைக் வேண்டியிருந்தது. மையத்துக்கென்று ஒலிபெருக்கி கிடையாது. மையத்திடம் விண்ணப்பித்துக் காத்திருக்கிறார்கள். எனவே மாதிரிப் பொருளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து மைக்கை இணைத்தார்கள். இல்யாஸ் தூசி தட்டிக் கொடுத்த அதே கறுப்புப் பெட்டிகள். குபாத் ஜுமஷெவிச் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலே அறை முழுக்கத் துல்லியமாக வந்தது. நாற்காலியில் இருந்த ஷார்ஷென் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நண்பர்களே! பார்வையற்றவங்களுக்காக இதுக்கு முன்னாடி எத்தனையோ பேரு எத்தனையோ செஞ்சோம்னு சொன்னாங்க. நீங்க யாராவது பாத்தீங்களா? பாக்கலே. நாங்க செஞ்சதையும் நீங்க பாக்கப் போறதில்லே. ஆனா நாங்க செஞ்சிருக்கோம்! கேட்டது ரெண்டு, கொடுத்தது ரெண்டு. ஒதுக்கினது ரெண்டாயிரம், செலவு அறுநூறு. மிச்சத்தை அரசாங்கக் கருவூலத்துக்கே திருப்பி அனுப்பறோம். மக்களுக்குச் செலவு பண்றது சுலபம் நண்பர்களே, யாரு வேணாலும் பண்ணிடலாம். மக்களுக்குச் செலவு பண்ணாம இருக்கறதுக்குத்தான் நிர்வாகம் வேணும்!"

கைதட்டல். அடுத்து, பயனாளிகளின் கருத்து. நசிபா பேனாவோடு தயாராக நின்றாள்.

"எப்படிங்க இருக்கு நம்ம புதுக் கொலோன்கா? மனசு விட்டுச் சொல்லுங்க" என்றார் தலைவர், மைக்கில்.

"அண்ணே, சொல்லாதீங்க" என்றாள் மேரிம் பின்வரிசையிலிருந்து. கத்திப் பழக்கமில்லாத குரல், பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

ஷார்ஷென் எழுந்து நின்றார். முகம் மலர்ந்திருந்தது. "பொய் சொல்ல மாட்டேன் ஐயா. நான் நம்பலே. நீங்க ஏதாவது குப்பையைத்தான் தலையில கட்டுவீங்கன்னு நெனச்சேன். ஆனா இது... உங்களுக்கு இடது மூக்கு அடைச்சிருக்கறதுகூட எனக்குக் கேக்குது. இவ்வளவு சுத்தமான சத்தத்தை நான் கேட்டதே இல்லை. எங்களையும் மனுஷனா மதிச்சு வாங்கியிருக்கீங்க. நன்றி."

சூராகானும் அதையே சொன்னாள், மற்றவர்களும் சொன்னார்கள். எல்லாரும் உண்மையைத்தான் சொன்னார்கள். நசிபா ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு ஒவ்வொருவர் கட்டைவிரலையும் மையில் ஒற்றி எடுத்தாள். வாசிப்பறைக்குக் கொலோன்கா வழங்கும் விவகாரம் பயனாளிகளின் முழுத் திருப்தியோடு முடிந்தது என்றும், வார்ப்பிரும்புக் கொலோன்காவின் ஆயுள் இருபத்தைந்து வருஷம் என்பதால் அதுவரை இந்தத் தலைப்பில் புது விண்ணப்பம் ஏற்கப்படாது என்றும் தலைவர் அறிவித்தார். அதுவும் மிகத் தெளிவாகக் கேட்டது. பிறகு ஒயரைப் பிடுங்கி, கறுப்புப் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, மீதிப் போர்சோக்கையும் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அறையில் கேட்பவர்களும் மேரிமும் மட்டும் இருந்தார்கள்.

"போயிட்டாங்களா?" என்றார் ஷார்ஷென். "நல்லது. போடு மேரிம், விட்ட எடத்துலேர்ந்து. மூணு மணி நேரம் பாக்கி. இன்னிக்கே முடிச்சிடுவோம்."

மேரிம் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை.

"என்ன?"

"அண்ணே, நீங்க கேட்டது... அது அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. இங்க வச்சிட்டுப் போனது வேற."

"வேறன்னா?"

அவள் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் இரும்பின்மேல் வைத்தாள். அவர் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்த்தார். கை கைப்பிடிக்கு வந்ததும் நின்றது. ஒரு தடவை அமுக்கினார். உள்ளே எங்கோ துருப்பிடித்த கம்பி முனகியது. புது பெயிண்ட் அவர் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

"நான் நன்றி சொன்னேனே" என்றார்.

சூராகான்கூட யார்மேலும் பழி போடவில்லை. ஷார்ஷென் தடவித் தடவித் தன் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தார். கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

"சொல்லிடு மேரிம்."

"எதை அண்ணே?"

"யாரு கொன்னதுன்னு. சொல்லிடு."

"நாம வேற ஏதாவது வழி பாக்கலாம் அண்ணே. நான் மறுபடியும்..."

"சொல்லும்மா."

மேரிம் சொன்னாள். இந்தத் தடவை எதையும் துடைக்கவில்லை, விழுங்கவில்லை. இருந்ததை இருந்தபடி சொன்னாள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார் ஷார்ஷென்.

"அவ்வளவுதான் அண்ணே."

ஒவ்வொருவராக எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்கள். புதிதாக முளைத்த இரும்பில் இடித்துக்கொள்ளாமல் மேரிம் ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்துத் திருப்பி வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். கடைசியாகப் போன சூராகான் வாசற்படியில் நின்றாள்.

"செவ்வாக்கெழமை வரணுமா மேரிம்?" என்று கேட்டாள்.